மின்வார்ப்பு (எலக்ட்ரோஃபார்மிங்): சொல் விளக்கம்

அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் தர, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்காரர்கள் ‘சிக்ரி’ என்றுதான் சொல்வோம். மின்சாரத்தால் உலோகத்தைப் படியவைப்பதும் அந்தத் துறையின் வேலைதான். அதற்கு நம் வாயில் சட்டென்று வருவது முலாம். உருது வழியாக வந்து ஒட்டிக்கொண்ட சொல். கவரிங் வளையலுக்கு அது சரி. உள்ளே செம்பு, மேலே தங்கம். பூச்சு பூச்சாகவே இருக்கிறது.

எலக்ட்ரோஃபார்மிங் அப்படியில்லை. அதில் படிந்த உலோகமேதான் பொருள்; அடியில் இருந்தது கழன்றுவிடும். 1838இல் பீட்டர்ஸ்பர்க்கில் மோரிட்ஸ் யாக்கோபி என்ற அறிவியலாளர், தகட்டின் மேல் படிந்த செம்பை உரித்தபோது அது தகட்டின் கீறல்களைக்கூட அப்படியே படியெடுத்திருந்தது. அந்த முறைக்கு அவர், மின்சார ஆய்வின் முன்னோடியான கல்வனியின் பெயரைச் சேர்த்துப் பெயர் வைத்தார். 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் உருவான, நுண்ணிய பாகங்கள் செய்யும் ‘லிகா’ முறையின் நடு எழுத்தும் அதே கல்வனிதான்: லித்தோகிராஃபி, கல்வானோஃபார்முங், அப்ஃபார்முங்.

இதற்குத் தமிழில் மின்வார்ப்பு என்பதையே நான் பரிந்துரைப்பேன். ‘வார்ப்பு என்றால் உருக்கி ஊற்ற வேண்டாமா?’ என்று கேட்கலாம். ஆத்தங்குடிக் கல் செய்பவர் கண்ணாடியின் மேல் சட்டத்தை வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றுகிறார், நெருப்பே கிடையாது. உருவத்தைச் சட்டம் தருகிறது, வழவழப்பைக் கண்ணாடி தருகிறது, கடைசியில் இரண்டும் விலகிவிடுகின்றன. இங்கும் அச்சுதான் முக்கியம்.

தலைமுடி அளவு பற்கள் கொண்ட ஒரு சக்கரம் வேண்டும் என்று வையுங்கள். மின்சாரம் கடத்தும் தளத்தில் ஒளி பட்டால் தன்மை மாறும் பிசினைத் தடவி, ஒளியால் சக்கர வடிவில் குழி எடுக்கிறார்கள். பற்கள் மிக உயரமாகவும் நேராகவும் நிற்க வேண்டுமானால் எக்ஸ் கதிர் ஏற்றது. அந்தத் தளத்தை நிக்கல் சல்ஃபமேட் என்ற உப்பின் பச்சைக் கரைசலில், சுமார் 50 டிகிரி செல்சியஸ் சூட்டில், எதிர்மின்வாயாக (மின்சாரத்தின் எதிர்முனையோடு இணைத்து) தொங்கவிட்டால் நிக்கல் குழியின் அடியிலிருந்து மேலேறும். சதுர டெசிமீட்டருக்கு 1 ஆம்பியர் என்றால் மணிக்குச் சுமார் 12 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 200 மைக்ரான் உயரத்துக்குப் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஒரு ஹைட்ரஜன் குமிழி ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் பள்ளம் விழும். உலோகத்துக்குள் இழுவிசை கூடினால் சக்கரம் வளைந்து, தளத்தைவிட்டு எழும்பிவிடும். சல்ஃபமேட்டைத் தேர்ந்தெடுப்பதே அந்த இழுவிசை குறைவு என்பதால்தான். அப்புறம் பிசினைக் கரைத்துத் தளத்தைப் பிரித்தால் சக்கரம் தனியாக வந்துவிடும். இங்க்ஜெட் அச்சுப்பொறிகள் பலவற்றில் மை தெளிக்கும் துளைத்தகடுகளும் மின்வார்ப்பில் செய்யப்பட்டவை.

எல்லாவற்றுக்கும் இந்தச் சொல் பொருந்தாது. 1997இல் ஐபிஎம் அறிவித்த செம்புக் கணினிச் சில்லுகளில், நுண்ணிய பள்ளங்களில் படியவைத்த செம்பு அங்கேயே கம்பியாகத் தங்கிவிடுகிறது. அது பூச்சும் இல்லை, கழற்றியெடுக்கும் வார்ப்பும் இல்லை. அதை மின்படிவு என்ற பொதுச்சொல்லால் சொல்வதே சரி.