வயதா, பிறந்த ஆண்டா?

கிளிநொச்சியில் 2025ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20, 40, 60 வயதுக்காரர்களில் நூறு நூறு பேரைத் தெரிந்து, எல்லோருக்கும் ஒரே சோதனையைக் கொடுக்கிறார்கள்: சொல்வளம், மனக்கணக்கு, வாசித்து விளங்குதல். ஒரு மாதத்தில் வேலை முடிந்துவிடும். மூன்று சராசரிகளையும் ஒரு கோட்டால் இணைத்தால், வயது ஏற ஏற அறிவாற்றல் எப்படி மாறுகிறது என்பது தெரிந்துவிட்டது போல இருக்கும். இதைக் குறுக்குவெட்டு ஆய்வு என்பார்கள். மலிவானது, விரைவானது. ஆனால் அந்தக் கோடு வயதை மட்டும் காட்டவில்லை.

60 வயதுக்காரர் 1965இல் பிறந்தவர். உள்நாட்டுப் போருக்கு முன்பே பள்ளிப்படிப்பை முடித்திருக்கக் கூடியவர். 40 வயதுக்காரர் 1985இல் பிறந்தவர். அவர் முதலாம் வகுப்புக்குப் போன 1990இல் போர் மறுபடி மூண்டது. 1996இல் கிளிநொச்சியே இடம்பெயர்ந்தது. அவருடைய படிப்பு மரநிழலிலும் மண்ணெண்ணெய் விளக்கிலும் துண்டு துண்டாகப் போனது. 20 வயதுக்காரருக்குப் போர் முடிந்த 2009இல் நான்கு வயது. மூவருக்கும் வயது மட்டுமல்ல, வாழ்ந்த காலமும் வேறு. ஒரே ஆண்டுகளில் பிறந்து ஒரே காலத்தைச் சேர்ந்து கடந்தவர்களை, வயதோடு மனிதர் மாறுவதை ஆராயும் விருத்தி உளவியல் பிறப்புக் குழு என்கிறது.

இந்தச் சிக்கலைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் உளவியலாளர் வார்னர் ஷாயி. 1956இல் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கி, ஏழு ஆண்டுக்கு ஒருமுறை பழைய ஆட்களையே திரும்பச் சோதித்தார். ஒவ்வொரு முறையும் புதியவர்களையும் சேர்த்தார். குறுக்குவெட்டாகப் பார்த்தபோது அறிவாற்றல் நடுவயதுக்கு முன்பே சரிவதாகத் தெரிந்தது. அதே மனிதர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது பெரும்பாலான ஆற்றல்கள் சுமார் 60 வயது வரை தாக்குப்பிடித்தன. வேகம் சார்ந்த ஆற்றல்தான் முன்னதாகவே குறைந்தது. அங்கே இளையவர்கள் மூத்தவர்களை விடக் கூடுதலாகப் படித்தவர்கள். அந்த இடைவெளியை முதுமையின் சரிவு என்று வாசித்துவிட்டார்கள்.

கிளிநொச்சி அடங்கிய வன்னியில் இதே தவறு எதிர்த்திசையிலும் நேரலாம். இங்கே படிப்புக் குலைந்தது நடுவயதுக்காரருக்கு. அதனால் 60 வயதுக்காரர் 40 வயதுக்காரருக்குச் சமமாக நின்றால், வயதால் உண்மையில் வந்த குறைவு மறைந்துபோகும். சியாட்டிலில் சரிவைப் பெரிதாக்கிய அதே முறை இங்கே சரிவை ஒளித்துவைக்கும். வெளிநாட்டு அளவுகோலையும் அதன் திருத்தத்தையும் அப்படியே இறக்கி வைப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

கோட்பாடுகளையும் இந்தக் கண்ணோடு வாசிக்க வேண்டும். உளவியலாளர் பியாஜே பிள்ளையின் சிந்தனைக்கு நான்கு கட்டங்கள் வகுத்தார், எரிக்சன் வாழ்நாள் முழுவதற்கும் எட்டு. இரண்டுமே பெரும்பாலும் வயதை ஓட்டத்தின் அச்சாக எடுத்தவை. சமூகவியலாளர் கிளென் எல்டர் வேறு கேள்வி கேட்டார்: பேரிடர் வந்தபோது உனக்கு எத்தனை வயது? 1930களின் பொருளாதார மந்தத்தைக் கடந்த இரண்டு கலிபோர்னியக் குழுக்களை ஒப்பிட்டார். 1920–21இல் பிறந்த ஓக்லண்ட் பிள்ளைகள் பதின்ம வயதில் வேலை செய்து வீட்டைத் தாங்கினார்கள். 1928–29இல் பிறந்த பேர்க்லிப் பிள்ளைகளுக்கு அடி சிறுவயதில் விழுந்தது. அவர்களில் ஆண்பிள்ளைகளே கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள். வன்னிக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி வேறில்லை. 2009இல் கைக்குழந்தையாக இருந்தவரும், பதினான்கு வயதில் தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு நடந்தவரும் ஒரே போரைக் கடக்கவில்லை.

உளவியலாளர் போல் பால்ட்ஸ், மனிதரின் விருத்தியைப் பாதிக்கும் செல்வாக்குகளை மூன்றாகப் பிரித்தார். வயதோடு வருபவை: பல் முளைப்பது, பூப்பு, பள்ளிக்கூடம் சேர்வது. வரலாறு சுமத்துபவை: 2004 சுனாமி, 2009, 2022 பொருளாதார நெருக்கடி. மூன்றாவது, ஒருவருக்கு மட்டும் நேர்பவை. மிதிவெடியில் கால் போவதைப் பாடநூல் மூன்றாவதில் போடும். பல பேர் கால் இழந்த கிராமத்தில் அது இரண்டாவதுக்கே உரியது என்பது எங்கள் கருத்து.

சரி, அதே ஆட்களையே பின்தொடர்ந்தால் என்ன? அதுதான் நெடுக்குவெட்டு ஆய்வு. இதற்கும் நோய்கள் உண்டு. திரும்பத் திரும்ப அதே சோதனையைச் செய்தால் பழக்கத்தாலேயே புள்ளி ஏறும். ஆட்களும் உதிர்வார்கள்: 300 பேரில் சுற்றுக்கு 10 வீதம் விலகினால் ஐந்து சுற்று விலகலுக்குப் பின் மிஞ்சுவது 177 பேர். விலகுபவர்கள் சீராக விலகுவதுமில்லை. ஒருவர் கனடா போய்விடுவார், ஒருவர் மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போவார், நோயாளி வரமாட்டார். மிஞ்சியவர்களின் சராசரி ஊரின் சராசரி அல்ல. நியூசிலாந்தின் டனீடின் ஆய்வு 1972–73இல் பிறந்த 1,037 பேரோடு தொடங்கியது. 45 வயதில் உயிரோடிருந்த 997 பேரில் 938 பேரைச் சோதித்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு விமானச் செலவு கொடுத்துக் கூப்பிடுகிறார்கள். அவ்வளவு பணம் இல்லாத இடத்தில் குறைந்தது மூன்று உறவினரின் தொலைபேசி எண்ணையாவது முதல் நாளே எழுதிக்கொள்ள வேண்டும். சிம் மாறிவிடும், மாமி மாறமாட்டார்.

இரண்டையும் பின்னுவதே தொடர்வரிசை முறை. 2026இல் 10, 15, 20 வயதில் தலா நூறு பேர். அவர்களையே 2031இலும் 2036இலும் பார்க்க வேண்டும். பத்தாண்டு உழைப்பில் 10 முதல் 30 வயது வரை கைக்கு வரும். 2026இன் 15 வயதுக்காரரையும் 2031இன் 15 வயதுக்காரரையும் ஒப்பிடலாம்: வயது ஒன்று, பிறந்த ஆண்டு வேறு. 2031இல் சோதனையையே காணாத புதிய நூறு பேரைச் சேர்த்தால் பழக்கத்தின் பங்கும் தெரியும். ஆனாலும் ஒரு முடிச்சு அவிழாது. ஆய்வு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வயது. இரண்டைப் பிடித்தால் மூன்றாவது தானாக நின்றுவிடும். எந்தக் கணக்கும் மூன்றையும் முழுதாகப் பிரித்துத் தராது. அதற்கு அந்தக் காலத்தில் ஊரில் என்ன நடந்தது என்ற அறிவும் வேண்டும்.

இவ்வளவும் பிறந்த ஆண்டு சரியாக இருந்தால்தான். இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்தவர்கள் பலர். பின்னர் எடுத்த பத்திரத்தில் உள்ள தேதி உத்தேசமானதாக இருக்கலாம். பிள்ளையின் கிளினிக் கொப்பி இருந்தால் அதை முதலில் பார்க்க வேண்டும். நடந்தவற்றின் காலத்தைக் கேட்கும்போது "எந்த ஆண்டு?" என்றால் பதில் வழுக்கும். வாழ்க்கை நாட்காட்டி முறையில் ஒரு தாளில் ஆண்டுகளைக் கட்டமாகக் கீறி, ஊர் முழுவதற்கும் தெரிந்த நிகழ்வுகளை முதலில் நிரப்பி, அவற்றை ஒட்டிக் கேட்பார்கள். "அம்மா, மகன் நடக்கத் தொடங்கேக்க நீங்கள் தருமபுரத்திலயோ இருந்தனீங்கள், விசுவமடுவுக்குப் போயிட்டியளோ?" இடம் பெயர்ந்த பாதையே இங்கே நாட்காட்டி. அந்தப் பாதையின் ஒவ்வொரு இடத்திலும் ஒரு இழப்பும் இருக்கலாம். அதனால் எந்தக் கேள்வியையும் விட்டுவிடலாம் என்று தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். போர் முடிந்த இடமான முள்ளிவாய்க்காலுக்குரிய கட்டத்தை வெறுமையாக விட ஒருவர் விரும்பினால் வெறுமையாகவே விட வேண்டும்.