உணரி

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பால்கனியில், காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் ஒரு சிறிய பெட்டி தொங்குகிறது. பார்க்கிறவர்கள் "இதென்ன, சென்சரா?" என்று கேட்பார்கள். படங்களுக்கு வெட்டுப் போடும் தணிக்கையையும் அப்படித்தான் சொல்கிறோம். தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டாலும் இரண்டுக்கும் வேர் வேறு. கருவியின் பெயர் உணர்தலைக் குறிக்கும் 'சென்டிரே' என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. தணிக்கையின் பெயர் மதிப்பிடுதலைக் குறிக்கும் 'சென்செரே'யிலிருந்து. இந்தக் குழப்பம் தீரவாவது 'உணரி' நமக்கு வேண்டும்.

உணர் + இ = உணரி. மின்கடத்தி, பூச்சிகொல்லி என்பவற்றில் வரும் அதே இகரம்தான். சிலர் 'உணர்வி' என்று எழுதுகிறார்கள். உணர்வித்தல் என்றால் பிறரை உணரச் செய்தல். ஆகவே அது பொருந்தாது.

சரி, வெப்பமானி, அம்பியர்மானி போல இதையும் அளப்பது என்ற பொருளில் 'மானி' என்றால் என்ன? இங்கேதான் எனக்கு உணரியில் பிடிப்பு அதிகம். காற்றிலுள்ள நுண்துணிக்கைகளை முறைப்படி அளப்பவர்கள் வடிதாளில் அவற்றைப் பிடித்து நிறுக்கிறார்கள். எங்கள் பெட்டி எதையும் நிறுப்பதில்லை. உள்ளே ஒரு குட்டி மின்விசிறி காற்றை இழுக்கிறது. லேசர் ஒளி துணிக்கைகளில் பட்டுச் சிதறுகிறது. சிதறிய ஒளியை வைத்து, ஒரு கனமீற்றரில் இத்தனை மைக்ரோகிராம் இருக்கும் என்று கணக்குப் போடுகிறது. கடற்கரைப் பக்கம் காற்றில் உப்பு உண்டு. புழுக்கமான விடியற்காலையில் அந்த உப்புத் துணிக்கை ஈரத்தை உறிஞ்சி ஊதும், ஒளி கூடுதலாகச் சிதறும், புகையே இல்லாமல் எண் ஏறும். ஆனால் பக்கத்து வளவில் குப்பை கொளுத்தினால் சில நிமிடங்களில் காட்டிக்கொடுத்துவிடும். அதுதான் உணர்தல். எண்ணை அப்படியே நம்ப வேண்டுமானால், தரமான கருவிக்குப் பக்கத்தில் சில வாரம் வைத்துத் திருத்த வேண்டும்.

திருத்தாத எண்ணை வரம்போடு ஒப்பிட்டுப் பதற வேண்டாம். 2.5 மைக்ரோமீற்றரும் அதற்குக் குறைந்ததுமான துணிக்கைகளுக்கு 24 மணிநேரச் சராசரியாக இலங்கை விதித்த வரம்பு 50 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15.

அப்புறம், 'உணரி'க்கு முன்னால் வரும் சொல். தமிழ்நாட்டில் 'காற்றுத் தரம்' என்பார்கள். இலங்கையில் நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது வளி, வளிமண்டலம். சங்கப் பாடல்களிலேயே இருக்கும் சொல். நாம் அதை இன்னும் புழங்குகிறோம். 2022 டிசம்பர் 9இல் வளி கெட்டு நாட்டில் பள்ளிக்கூடங்களையே மூடியபோது, எல்லார் வாயிலும் வந்ததும் அதுதான். ஆகவே 'வளித்தர உணரி'. இப்படிப்பட்ட சிறிய பெட்டிகளின் விலையைச் சேர்த்துச் சொல்லும்போது 'மலிவு உணரி' என்று மட்டும் எழுதாதீர்கள். தரமில்லாதது என்ற நெடி அடிக்கிறது. 'குறைந்த விலை உணரி' போதும்.