ஒரே வீடு, இரண்டு தொகுதிப் பெயர்: ஸ்காபரோவின் மாகாணத் தொகுதி வந்த கதை

2025 பெப்ரவரியில், முற்றமெல்லாம் பனி குவிந்து கிடந்த நேரம், ஒன்ராறியோ மாகாணத் தேர்தலுக்கான வாக்காளர் அட்டை வந்தது. அதில் 'ஸ்காபரோ ரூஜ் பார்க்' என்று இருந்தது. ஏப்ரலில் மத்திய தேர்தலுக்கு இன்னொரு அட்டை வந்தது, அதில் 'ஸ்காபரோ கில்ட்வுட் ரூஜ் பார்க்'. ரொறன்ரோவின் கிழக்கே, ஸ்காபரோவின் போர்ட் யூனியன் பக்கம் இருக்கிற பெரியம்மா இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் எடுத்தார். "நாங்கள் வீடு மாறேல்லையே பிள்ளை, இதென்ன புதுப் பேர்? ஆரின்ர அட்டையோ எங்களுக்கு வந்திட்டுது போல."

அட்டை சரியானதுதான். இரண்டு தேர்தலுக்கும் இரண்டு வெவ்வேறு வரைபடம், அவ்வளவுதான். ஆனால் ஏன் இரண்டு வரைபடம் என்று பெரியம்மாவுக்குச் சொல்லப் போய் அரை மணித்தியாலம் போய்விட்டது. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில் பலருக்குத் தெரியாத ஒரு விசயம். ஒன்ராறியோவின் தென்பகுதியில் மாகாணத் தொகுதிகளை மாகாணம் தானாக வரைவதில்லை. மத்திய அரசுக்காக வரைந்த எல்லையை எடுத்து, 'இதுவே எங்களுக்கும்' என்று ஒரு சட்டம் போட்டுக்கொள்ளும். சட்டம் போட்டால் மாறும், போடாவிட்டால் பழையதே நிற்கும். இந்த ஒன்று விளங்கினால் மற்றதெல்லாம் சுலபம்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஸ்காபரோவின் தோட்டக் காணிகள் எல்லாம் வீடுகளாக மாறிக்கொண்டு வந்தன, சனம் கூடக் கூடத் தொகுதிகளும் கூடின. அந்தக் காலத்தில் மாகாணம் தன் எல்லையைத் தானே பார்த்துக்கொண்டது. 1963 தேர்தலில் ஸ்காபரோ வெஸ்ட் தொகுதியில் வென்ற ஸ்டீபன் லூயிஸுக்கு அப்போது வயது 25தான், பிறகு ஒன்ராறியோவின் புதிய ஜனநாயகக் கட்சிக்கே (என்டிபி) தலைவரானார். அதே தேர்தலில் ஸ்காபரோ நோர்த்தில் வென்ற தோமஸ் வெல்ஸ் 1985 வரை அசையவில்லை. அவர் விலகிய பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் ஜமேக்காவில் பிறந்த அல்வின் கேர்லிங், லிபரல் கட்சி, வந்த உடனேயே வீடமைப்பு அமைச்சர். வெல்ஸிடம் இருந்து கேர்லிங்கிடம் தொகுதி போனபோது எல்லையில் எதுவும் நடக்கவில்லை, தெருவில் இருந்த ஆட்கள்தான் மாறியிருந்தார்கள். எங்கள் சனம் 83க்குப் பிறகு வந்து இறங்கத் தொடங்கிய காலமும் கிட்டத்தட்ட அதுதான்.

1987இல் ஸ்காபரோவுக்கு ஆறு மாகாணத் தொகுதிகள் இருந்தன. பிறகு 1995இல் மைக் ஹரிஸ் ஆட்சிக்கு வந்தார், அடுத்த வருடம் ஒரு சட்டம் கொண்டுவந்தார். பெயரே 'குறைவான அரசியல்வாதிகள் சட்டம்'. (இப்படி ஒரு பெயரை வைத்ததும் அரசியல்வாதிகள்தான்.) 130 ஆசனம் 103 ஆனது, எல்லைகள் மத்திய தொகுதிகளின் எல்லைகளே ஆயின. 1999 தேர்தலில் இது நடைமுறைக்கு வந்தபோது ஸ்காபரோவுக்கு ஐந்துதான் மிஞ்சியது. அதில் ஒன்று, வடகிழக்கு மூலையில் 401 நெடுஞ்சாலைக்கு வடக்கே மல்வேர்ன் எல்லாம் சேர்ந்த 'ஸ்காபரோ ரூஜ் ரிவர்'. கேர்லிங் அங்கே போய் நின்று வென்றார், 2003இல் சபாநாயகரானார், 2005இல் தூதுவர் பதவிக்காக விலகினார். அந்த வருடம் நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில் வென்ற பாஸ் பல்கிசூன் 2016 வரை இருந்தார்.

தமிழர்கள் இந்தப் பெயரை மறக்காததற்குக் காரணம் மாகாணத் தேர்தல் இல்லை. 2011 மே மாதம் இதே எல்லைக்குள், ஆனால் மத்திய தேர்தலில், ராதிகா சிற்சபைஈசன் வென்று கனடாப் பாராளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினரானார். அடுத்த தேர்தலில் அந்தத் தொகுதியே இல்லை. 2011 கணக்கெடுப்பை வைத்து எல்லையைத் திருப்பி வரைந்தபோது ரூஜ் ரிவர் உடைந்து 'ஸ்காபரோ நோர்த்', 'ஸ்காபரோ ரூஜ் பார்க்' என்று வந்தது. 2015இல் அவர் நோர்த்தில் நின்று தோற்றார், ரூஜ் பார்க்கில் லிபரல் கட்சியின் ஹரி ஆனந்தசங்கரி வென்றார். கோடு ஒன்று நகர்ந்தால் ஒருவருடைய அரசியல் எந்தப் பக்கம் போகும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

மத்தியில் 2015இலேயே போய்விட்ட ரூஜ் ரிவர், மாகாணத்தில் 2018 வரை இருந்தது. அதாவது இப்போது பெரியம்மாவுக்கு வந்த அதே குழப்பம் அப்போதும் மூன்று வருடம் ஓடியிருக்கிறது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. 2016 செப்டெம்பர் 1ஆம் திகதி அந்தப் பழைய எல்லையில் ஒரு இடைத்தேர்தல் நடந்தது. லிபரலுக்கு பிரகல் திரு, என்டிபிக்கு நீதன் சான், இரண்டு தமிழர்கள். வென்றது கொரியாவில் பிறந்த ரேமண்ட் சோ, முற்போக்குக் கொன்சவேட்டிவ் கட்சி. தமிழ் வாக்கு எப்படிப் பிரிந்தது என்று அப்போது தேநீர்க்கடையில் பேசாதவர் இல்லை, எனக்கு அந்தக் கணக்கில் பெரிய நம்பிக்கை இல்லை, அந்தத் தொகுதியில் எங்களைத் தவிர வேறு ஆட்களும் இருக்கிறார்கள்.

2018இல் மாகாணம் புதிய எல்லைக்கு வந்தது. மொத்தம் 124 ஆசனம், ஸ்காபரோவுக்குத் திரும்பவும் ஆறு. வடக்கு ஒன்ராறியோவுக்கு மட்டும் இந்தப் பிரதி எடுக்கிற விதி பொருந்தாது. அங்கே சனம் குறைவு, தூரம் மிக அதிகம், மத்திய எல்லையை அப்படியே எடுத்தால் ஆசனம் குறைந்துவிடும் என்று தனியாக வைத்திருக்கிறார்கள். அந்தத் தேர்தலில் ரூஜ் பார்க்கில் விஜய் தணிகாசலம் வென்றார். தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரம் என்ற சட்டத்தைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் அவர்தான், 2021 மே மாதம் நிறைவேறியது.

அதே 2018இல் இன்னொன்றும் நடந்தது. மாநகரசபைத் தேர்தலுக்கு மனுத் தாக்கல் செய்து, ஆட்கள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், டக் ஃபோர்ட்டின் மாகாண அரசு ரொறன்ரோவின் 47 வட்டாரங்களை 25 ஆகக் குறைத்தது. வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை போய் 2021இல் 5க்கு 4 என்று மாகாணம் வென்றது. எனக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் சமிக்கவில்லை, அது வேறு கதை. விளைவு என்னவென்றால் அந்த 25 வட்டாரமும் 25 மாகாணத் தொகுதியும் 25 மத்திய தொகுதியும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பொருந்தின. 25ஆம் வட்டாரம் என்றாலும் ரூஜ் பார்க், மாகாணம் என்றாலும் ரூஜ் பார்க், ஒட்டாவா என்றாலும் ரூஜ் பார்க். ஆறேழு வருடம் எல்லாரும் இந்தச் சுகத்துக்குப் பழகிவிட்டோம்.

சரி, அது ஏன் குலைந்தது? மத்திய எல்லைகளை பத்து வருடத்துக்கு ஒருமுறை, கணக்கெடுப்பு முடிந்ததும், ஒவ்வொரு மாகாணத்துக்கும் மூன்று பேர் கொண்ட ஒரு ஆணைக்குழு பார்க்கும். தலைவர் வழக்கமாக ஒரு நீதிபதி. மாகாணத்தின் சனத்தொகையை ஆசனத்தால் பிரித்து ஒரு சராசரி எடுப்பார்கள், தொகுதிகள் அதற்கு 25 வீதம் கூடக் குறைய இருக்கலாம். 2021 கணக்குப்படி ஒன்ராறியோவில் 1 கோடி 42 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், 122 ஆசனத்தால் பிரித்தால் ஒரு தொகுதிக்கு 1,16,590 பேர். சுற்றியுள்ள ஊர்கள் ரொறன்ரோவைவிட வேகமாக வளர்ந்துவிட்டதால் நகரத்தின் 25 தொகுதி 24 ஆனது, அடி விழுந்தது ஸ்காபரோ பக்கத்தில். அஜின்கோர்ட் என்ற பெயர் மத்திய வரைபடத்தில் அப்படியே நின்றது. ஸ்காபரோ சென்டரோடு டொன் வலி ஈஸ்ட் ஒட்டப்பட்டது, கில்ட்வுட்டும் ரூஜ் பார்க்கும் ஒரே பெயருக்குள் வந்தன, வோபேர்ன் என்று புதிதாக ஒன்று வந்தது.

இந்தப் புதிய வரைபடம் 2025 ஏப்ரல் 28 மத்திய தேர்தலில் பாவனைக்கு வந்தது. ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்னால், பெப்ரவரி 27 மாகாணத் தேர்தலை ஒன்ராறியோ பழைய வரைபடத்திலேயே நடத்தியது. அதாவது 2025இல் நாங்கள் போட்ட மாகாண வாக்கு 2011இல் எண்ணிய சனத்தொகைக்கு வரைந்த எல்லைக்குள் விழுந்தது. பெரியம்மாவின் இரண்டு அட்டைக்கும் விளக்கம் இதுதான்.

இதனால் தினசரி வாழ்க்கையில் என்ன வித்தியாசம்? யாரிடம் போவது என்பதுதான். ஹெல்த் கார்ட், பாடசாலை, சாரதி அனுமதிப்பத்திரம், வீட்டுச் சொந்தக்காரரோடு வாடகைப் பிரச்சினை என்றால் மாகாணசபை உறுப்பினரின் அலுவலகம். குடிவரவு, பாஸ்போர்ட், வேலை இழந்தோர் காப்புறுதி என்றால் மத்திய உறுப்பினர். குப்பை, பனி அள்ளாத நடைபாதை என்றால் மாநகரசபையின் 311 தொலைபேசி, அதற்கும் சரிவராவிட்டால் மாநகரசபை உறுப்பினர். முன்பு ஒரு தொகுதிப் பெயரை வைத்து மூவரையும் கண்டுபிடித்துவிடலாம். இப்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுப் போகாதீர்கள், தபால் குறியீட்டை எலெக்‌ஷன்ஸ் ஒன்ராறியோ, எலெக்‌ஷன்ஸ் கனடா இரண்டின் இணையத்தளத்திலும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். ஒன்றில் வந்த பதில் மற்றதற்குச் செல்லாது, பட்டியலும் அலுவலகமும் வேறு வேறு.

மாகாணத் தேர்தலில் வாக்களிக்க 18 வயது, கனடியக் குடியுரிமை, ஒன்ராறியோவில் வசிப்பிடம், இவ்வளவும் போதும். பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) காரருக்கு வாக்கு இல்லை. அட்டை வராவிட்டால் வாக்கு இல்லை என்று சிலர் வீட்டில் இருந்துவிடுகிறார்கள், அது தவறு. பெயரும் தற்போதைய விலாசமும் உள்ள அடையாளப் பத்திரத்தோடு போனால் சரி, படம் உள்ளதுதான் வேண்டும் என்றும் இல்லை.

அப்புறம், வேலைக்குப் போகிறவர்களுக்கு. வாக்களிப்பு காலை 9 முதல் இரவு 9 வரை, அதற்குள் தொடர்ச்சியாக மூன்று மணித்தியாலம் உங்களுக்கு ஓய்வாகக் கிடைக்க வேண்டும் என்பது சட்டம். காலை 10 முதல் மாலை 7 வரை வேலை என்று வையுங்கள். முன்னால் ஒரு மணித்தியாலம், பின்னால் இரண்டு, மூன்று தொடர்ச்சியாக இல்லை. அப்போது கேட்டால் முதலாளி, உதாரணமாக, 6 மணிக்கே விட வேண்டும், அந்த ஒரு மணித்தியாலச் சம்பளத்தைப் பிடிக்கவும் முடியாது. எந்த நேரத்தில் விடுவது என்பதை மட்டும் அவர் தீர்மானிக்கலாம்.

நிற்கிற ஒருவரையும் பிடிக்கவில்லையா? மாகாணத் தேர்தலில் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. வாக்குச்சீட்டை வாங்கி, 'எனக்கு இது வேண்டாம்' என்று சொல்லி அதிகாரியிடமே திருப்பிக் கொடுக்கலாம். செல்லாத வாக்கோடு சேர்க்காமல், மறுத்தவர்கள் என்று தனியாக எண்ணுவார்கள். பெரியம்மாவிடம் இதைச் சொன்னதும், "அப்ப இவ்வளவு நாளும் கீறிப் போட்டிட்டு வந்தது வீண்தானே" என்றார்.