வளைவில் ஏன் நிற்கிறது பாலிஷ் மிஷின்?

சம்பா அறுவடை முடிந்து, பங்குனியில் உளுந்தும் பயறும் சாலைக்கு வந்துவிட்டால், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் போன எந்தக் காரும் சுத்தமாக வீடு திரும்பாது. செடியைத் தார் ரோட்டில் பரப்பி, போகிற வண்டிகளை அதன்மேல் ஏறவிட்டுப் பயறை உதிர்ப்பது டெல்டாவில் பழகிப்போன காட்சி. அந்தத் தூசியோடு வைக்கோல் தூசியும் நெல் சுணையும் சேர்ந்து பானெட்டில் படிகின்றன. நெல்லின் மேல்தோலில் சிலிக்கா இருக்கிறது. உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி அதுதான். கார் பெயிண்டைவிட அது கடினமானது. மறுநாள் காலையில் தண்ணீர் ஊற்றாமல் காய்ந்த துணியால் துடைத்தால், அந்தத் துணியே உப்புத்தாள் ஆகிவிடுகிறது.

இப்படி விழும் கீறல்கள் எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். ஆனால் வெயிலில் பார்த்தால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாகத் தெரியும். துணியை வட்டமாகத் தேய்த்ததுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். நேராகத் தேய்த்தாலும், திசை மாறி மாறித் தேய்த்திருந்தால் வட்டமாகவே தெரியும். ஒளி வரும் வழிக்குக் குறுக்காக அமைந்த கீறல் மட்டுமே நம் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பிவிடும். மற்றவை அந்த நேரத்தில் மறைந்திருக்கும். நீங்கள் நகர்ந்தால் வேறு கீறல்கள் மின்னும்.

இவற்றைப் போக்க மெழுகு பூசினால் போதாது. மெழுகு பள்ளத்தை நிரப்பும். நாலு மழையில் கரைந்து போகும். கீறலை உண்மையில் எடுக்க வேண்டுமானால், அதன் அடிமட்டம் வரை சுற்றியுள்ள மேற்பரப்பை இறக்க வேண்டும். பாலிஷ் திரவத்தில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடு பொடி அதைத்தான் செய்கிறது. இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற படலமான கிளியர் கோட் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் கனம். அதற்குள்தான் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் கலந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு பாலிஷும் ஒரு செலவு. எவ்வளவு எடுக்கிறோம், எங்கே எடுக்கிறோம் என்பது முக்கியம். மிஷின் தேர்வு இங்கேதான் வருகிறது.

சந்தையில் மூன்று வகை உண்டு. ரோட்டரி மிஷினில் பேட், அதாவது பாலிஷைத் தேய்க்கும் ஸ்பாஞ்சு வட்டு, ஒரே அச்சில் சுழலும். 150 மி.மீ. பேடை நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓட்டினால், அதன் விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 12 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. நடுப்புள்ளி அசையவே இல்லை. ஒரே பேடில் இவ்வளவு வித்தியாசம் இருப்பதால்தான், கை சற்றுச் சாய்ந்தாலும் ஒரு இடம் மட்டும் சூடேறி வெந்துபோகிறது.

இரண்டாவது, டூயல் ஆக்‌ஷன். இதில் மோட்டார் பேடை ஒரு சிறு வட்டத்தில் அலைக்கழிக்கிறது. பேட் தன்னைத்தானே சுழல்வது தனி. அதை எந்தப் பல்சக்கரமும் சுழற்றவில்லை. பேரிங்கின் இழுப்பில் அது தானாகச் சுழல்கிறது. ஆட்டுக்கல்லில் குழவியைக் குழியைச் சுற்றி நாம் தள்ளும்போது, அது கைக்குள் தானாகவும் உருளுமே, கிட்டத்தட்ட அப்படி. கடைக்காரர் 15 மி.மீ., 21 மி.மீ. என்று சொல்வது அந்த அலைவு வட்டத்தின் விட்டத்தை. நிமிடத்துக்கு 4,800 அலைவு என்றால், 15 மி.மீ. மிஷினில் பேடின் ஒவ்வொரு புள்ளியும் அலைவினால் மட்டுமே நொடிக்கு 3.8 மீட்டர் நகர்கிறது, 21 மி.மீ. என்றால் 5.3 மீட்டர். ரோட்டரியின் விளிம்பு வேகம் இல்லை. ஆனால் நடுவிலும் ஓரத்திலும் வேலை ஏறக்குறைய சமமாக நடக்கிறது. புதிதாகக் கற்பவர் கையில் பெயிண்ட் பிழைப்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது வகையில் அலைவும் உண்டு, சுழற்சியையும் பல்சக்கரமே கொடுக்கிறது. ஃபிளெக்ஸ் எக்ஸ்சி 3401 இதற்குப் பேர்போன உதாரணம். அதன் அலைவு 8 மி.மீ.தான்.

சமதளத்தில் இந்த மூன்றும் அவரவர் பாணியில் வேலை செய்யும். சிக்கல் வளைவில்தான். வட்டமான பேட் தட்டையானது. கார் அப்படி இல்லை. 250 மி.மீ. ஆரமுள்ள புடைப்பு ஒன்றின் மேல் 150 மி.மீ. பேடை வைத்தால், நடுப்பகுதி தொடும்போது ஓரம் 11.5 மி.மீ. உயரத்தில் தொங்கும். 125 மி.மீ. பேடுக்கு அந்த இடைவெளி 8 மி.மீ. 75 மி.மீ. பேடுக்கு 3 மி.மீ.கூட இல்லை. பேட் பாதியானால் இடைவெளி ஏறக்குறைய கால்வாசியாகிறது. இந்தக் கணக்கு ஒன்றை மனதில் வைத்துக்கொண்டாலே பாதித் தேர்வு முடிந்துவிடும். பேடின் ஸ்பாஞ்சு அமுங்கிக் கொஞ்சம் ஈடுகட்டும்தான். ஆனால் 25 மி.மீ. ஸ்பாஞ்சை 8 மி.மீ. அமுக்கினால், அழுத்தம் முழுக்க நடுவில் குவிந்துவிடும். ஓரம் சும்மா தடவும்.

உள்வளைவு இன்னும் கஷ்டம். அங்கே நடு தொடாது, ஓரங்கள்தான் தொடும். உராய்வு மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறதோ அவ்வளவு பலமாகச் சுழற்சியை எதிர்க்கும். டூயல் ஆக்‌ஷனில் பேடைச் சுழற்றுவது வெறும் பேரிங் இழுப்புதான் என்பதால், அது உடனே தோற்றுவிடும். மோட்டார் உறுமும், கை அதிரும், பேட் மட்டும் சுழலாமல் நின்ற நிலையில் அலையும். கீறல் குறையவில்லையே என்று இன்னும் அழுத்துவோம். அழுத்த அழுத்த இன்னும் உறுதியாக நிற்கும். அலைவு அகலமானால் வேறொரு தொல்லையும் உண்டு: பள்ளத்துக்குள் 21 மி.மீ. அலையும் பேட், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கரையிலும் முட்டும்.

பேட் சுழல்கிறதா என்று பார்க்க, பேடை ஒட்டவைக்கும் தட்டான பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஓடும்போது கோடு மெதுவாகச் சுற்றி வந்தால் சரி. ஒரே பக்கம் துடித்துக்கொண்டிருந்தால் நின்றுவிட்டது என்று பொருள். அப்போது அழுத்தத்தைக் குறைத்து, மிஷினைத் தளத்துக்கு இசைவாகத் திருப்பிப் பாருங்கள். அப்படியும் சுழலவில்லை என்றால் அந்த இடத்துக்கு அந்தப் பேட் பெரிது.

வளைவுக்குப் பாடம் சொல்ல அம்பாசிடரைவிட நல்ல கார் இல்லை. 1950களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வடிவத்தை 2014-இல் உற்பத்தி நிற்கும்வரை பெரிதாக மாற்றாத வண்டி. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இன்னும் பாசத்தோடு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மட்கார்டு, பானெட், டிக்கி எல்லாமே இரண்டு திசையிலும் வளைந்தவை. மட்கார்டு பானெட்டோடு சேரும் இடத்தில் உள்வளைவு. அந்த வண்டிக்கு 21 மி.மீ. மிஷின் வாங்குவதை நான் ஏற்கவே மாட்டேன். 8 மி.மீ. அலைவுள்ள பல்சக்கர மிஷின் அங்கே நிற்காமல் சுழலும். கையைக் கொஞ்சம் இழுக்கும், பிடித்து நடத்தப் பழக வேண்டும். இல்லையென்றால் 75 மி.மீ. பேட் கொண்ட சிறிய டூயல் ஆக்‌ஷன் போதும். நேரம் கூடுதலாக ஆகும், ஆனால் பெயிண்ட் தப்பும். பழைய வண்டியில் கிளியர் கோட் இல்லாத பெயிண்டாக இருந்தால் பேடில் காரின் நிறமே ஒட்டும். பயப்பட வேண்டாம், அங்கே நிறம்தான் மேல் படலம்.

இப்போதைய ஹேட்ச்பேக், செடான்களுக்கு என் தேர்வு 15 மி.மீ. அலைவும் 125 மி.மீ. பிளேட்டும். மேற்கூரை, கதவு, பானெட்டின் நடுப்பகுதி எல்லாம் இதற்குள் அடங்கும். பம்பர், கண்ணாடிக் கூடு, கதவுத் தூண்களுக்குத் தனியாக ஒரு சிறிய மிஷின். பெரிய மிஷினிலேயே சின்ன பிளேட்டை மாட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். ரோட்டரியில் அது நடக்கும். டூயல் ஆக்‌ஷனில் உள்ளே இருக்கும் எதிர் எடை, குறிப்பிட்ட அளவு பிளேட்டின் எடைக்குச் சமன் செய்யப்பட்டது. பிளேட் மாறினால் சமன் கெட்டு மிஷின் உதறும், பேரிங்கும் சீக்கிரம் போகும். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட் எண்ணை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். சாயங்காலம் கரண்ட் 180 வோல்ட்டுக்கு இறங்கும் ஊராக இருந்தால், பளு ஏறும்போது வேகம் குறையாமல் காக்கும் எலக்ட்ரானிக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாத மிஷின் வளைவில் இன்னும் சீக்கிரம் நின்றுவிடும்.

மடிப்பு விளிம்புகளை எந்த மிஷினுக்கும் கொடுக்காதீர்கள். ஈரப் பெயிண்ட் உலரும்போது பரப்பு இழுவிசையால் கூர்மையான ஓரத்திலிருந்து விலகிக்கொள்ளும். அதனால் அங்கே படலம் எப்போதும் மெலிது. அரை அங்குல டேப் ஒட்டிவிட்டு, கடைசியில் அதை உரித்துக் கையால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் போதும்.

பம்பரில் வேறு கவனம் வேண்டும். எஃகு, பிளாஸ்டிக்கைவிட 200 மடங்குக்கு மேல் எளிதாக வெப்பத்தைக் கடத்தும். கதவில் எழும் சூடு தகடு முழுக்கப் பரவிவிடும், பம்பரில் எழும் சூடு எழுந்த இடத்திலேயே தங்கும். தொட்டுப் பார்த்து, விரல் பொறுக்காத சூடு வந்தால் நிறுத்திவிடுங்கள். பெயிண்ட் கனம் அளக்கும் சாதாரணக் கருவி காந்தப் புலத்தையும் சுழல் மின்னோட்டத்தையும் நம்பி வேலை செய்வதால், அதுவும் பிளாஸ்டிக்கில் எதையும் காட்டாது. அதற்கு அல்ட்ராசோனிக் கருவி வேண்டும், விலை அதிகம். அது இல்லாதபோது பம்பருக்கு மென்மையான பேட், மிக நயமான பாலிஷ், நிழலான இடம். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் கீறல் மங்கியதும் விட்டுவிடலாம். நகம் தட்டும் ஆழமான கீறலைப் பெயிண்டரிடம் காட்டுங்கள்.