சூடான சோற்றில் மறையும் கோழிச்சாற்றுக் கட்டிகள்

‘ஷோகுகேகி நோ சோமா’ என்ற ஜப்பானிய அனிமே தொடரின் தொடக்கத்திலேயே ஒரு நுழைவுத்தேர்வு வருகிறது. தோத்சுகி என்ற சமையல் பள்ளியில் சேர வந்திருக்கும் சோமா, முட்டையை முக்கியப் பொருளாக வைத்து ஏதாவது சமைக்க வேண்டும். ருசி பார்ப்பவள் எரினா. அவளைப் போலக் கூர்மையான நாக்கு வேறு யாருக்கும் கிடையாது என்று பெயர். அவள் முன்னால் சோமா வைப்பதோ ஒரு கிண்ணம் சோறும், அதன்மேல் தூவிக்கொள்ள உதிரியாகப் பொரித்த முட்டையும்தான். முட்டையோடு பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னச் சதுரக் கட்டிகளும் கலந்திருக்கின்றன. சூடான சோற்றில் விழுந்ததும் அந்தக் கட்டிகள் உருகி, ஒவ்வொரு பருக்கையையும் பொன்னிறமாக நனைக்கின்றன.

ஜப்பானியர் சோற்றின்மேல் தூவிச் சாப்பிடும் எள், கடற்பாசி, மீன்துருவல் கலவைக்கு ஃபுரிகாகே என்று பெயர். நாம் சோற்றில் பருப்புப்பொடி போட்டுக்கொள்வதைப் போல. ஆனால் பொடி உருகாது. சோமாவின் ஃபுரிகாகே உருகுகிறது. அதனால் தொடரில் அதற்கு ‘உருமாறும் ஃபுரிகாகே சோறு’ என்றே பெயர்.

அந்தக் கட்டிகள் கோழி இறக்கைச் சாறு ஆறி இறுகியவை. இதை முதல்முறை வீட்டில் செய்து பார்த்தபோது, இறக்கையை மணிக்கணக்கில் வேகவிட எனக்கு நேரமில்லை. அவசரமாகச் செய்த கோழிச்சாற்றில் சைனா கிராஸைக் காய்ச்சி ஊற்றி, இறுகவிட்டு, சதுரமாக நறுக்கி, ஆவி பறக்கும் சோற்றில் போட்டேன். பத்து நிமிடம் ஆனது. சோறுதான் ஆறியது, கட்டிகள் அப்படியே இருந்தன. ஜெல்லி என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்திருந்தேன். அங்கேதான் தவறு.

சைனா கிராஸ் என்பது கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர். ஜப்பானில் அதற்குக் கான்டென் என்று பெயர், 17ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே செய்து வருகிறார்கள். பாம்பன், ராமேசுவரம் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் பாசியிலும் இதே பொருள்தான் இருக்கிறது. அகர் ஒரு நீண்ட சர்க்கரைச் சங்கிலி. ஆறும்போது அதன் இழைகள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்குகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து வலைபோல் ஆகிவிடும். சுமார் 35, 40 டிகிரியில் இறுகும் அகர், திரும்ப உருக 85 டிகிரி வேண்டும். கிண்ணத்தில் போட்ட சோறு 60, 70 டிகிரிதான் இருக்கும். நோன்புக்குச் செய்யும் கடல்பாசி ஜெல்லி வெயிலிலும் குலையாமல் நிற்பதற்கு இதுதான் காரணம்.

சோமா பயன்படுத்துவது கோழி இறக்கையை நெடுநேரம் வேகவைத்த சாறு. இந்த மாதிரி ஆறி இறுகிய சாற்றை ஜப்பானியர் நிகோகோரி என்கிறார்கள். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் மீன் குழம்பு குளிர்கால இரவில் தானாகவே உறைந்துவிடும், காலையில் அதை அப்படியே சூடான சோற்றில் வைத்துச் சாப்பிடுவார்கள். ஹைக்கூவில் நிகோகோரி குளிர்காலத்தைக் குறிக்கும் சொல். நம் வீட்டில் ஆட்டுக்கால் பாயாவை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் திறந்தால் ஆடுமே, அதுவும் இதேதான்.

தோலிலும் மூட்டிலும் ஜவ்விலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகள் கயிறு போல முறுக்கிய வடிவம் கொண்டது. ஒவ்வொரு இழையும் அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த சரம், அந்த மணிகளில் மூன்றுக்கு ஒன்று கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சின்னது அது. மூன்று இழைகளும் நெருங்கும் நடுப்பகுதியில் வேறு எதற்கும் இடம் போதாது. நீரில் மெல்ல வேகும்போது முறுக்கு பிரிந்து, இழைகள் தனித்தனியாகச் சாற்றில் மிதக்கும். அப்போது அதன் பெயர் ஜெலட்டின். ஆறும்போது அவை பழைய முறுக்குக்குத் திரும்பப் பார்க்கின்றன. ஆனால் முழுதாக முடிவதில்லை. இங்கொரு இடத்தில், அங்கொரு இடத்தில் மட்டும் முறுக்கிக்கொள்கின்றன. அந்த முடிச்சுகளுக்கு நடுவில் தண்ணீர் சிக்கிக்கொள்கிறது. கையில் எடுத்தால் திடப்பொருள், ஆனால் பெரும்பகுதி தண்ணீர்.

அந்த அரைகுறை முடிச்சுகள் மிகவும் பலவீனமானவை. 30, 35 டிகிரியிலேயே அவிழ்ந்துவிடும். சூடான சோற்றில் நொடிகளில் உருகுவது அதனால்தான். சோறே இல்லாவிட்டாலும் நாக்கில் வைத்தால் உருகும், ஏனென்றால் நம் வாயின் சூடு அந்த எல்லையைத் தாண்டித்தான் இருக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எந்த உயிரின் கொலாஜன் எவ்வளவு சூடு தாங்கும் என்பது அந்த உயிர் வாழும் சூட்டைப் பொறுத்தது. குளிர்ந்த கடலில் வாழும் காட் மீனின் ஜெலட்டின் கோழியுடையதைவிட வெகு கீழே, 10 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இறுகும். வெப்ப ரத்தம் ஓடும் கோழியிலிருந்து வந்ததால்தான் சோமாவின் கட்டி பரிமாறும் வரை தாக்குப்பிடிக்கிறது.

சரி, உருகினால் ருசி ஏன் கூட வேண்டும்? இறுகிய கட்டிக்குள் மாட்டியிருக்கும் உப்பும் சுவையும் நாக்கை எட்டுவதில்லை. கரைந்து வந்தால்தான் எட்டும். கட்டி உருகும்போது அடைத்து வைத்த சாறு மொத்தமும் ஒரே நேரத்தில் வெளிவருகிறது. அதில் கோம்பு கடற்பாசியும் சோயாவும் தரும் குளூட்டமேட் என்ற சுவைப்பொருள் இருக்கிறது. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகேடா கோம்புச் சாற்றிலிருந்து பிரித்து, உமாமி என்று பெயரிட்ட சுவை இதுதான். கோழியில் இனோசினேட் என்ற இன்னொரு சுவைப்பொருள் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் சுவை கூட்டலாக வராது, பல மடங்காக வரும். நாக்கில் உமாமியை உணரும் ஏற்பி, பூச்சி பிடிக்கும் செடியின் இலை போல மூடிக்கொள்ளும் அமைப்பு. குளூட்டமேட் உள்ளே மூட்டருகில் உட்கார்ந்து இலையை மூடவைக்கிறது, இனோசினேட் வாய்ப்பக்கம் ஒட்டிக்கொண்டு அதைத் திறக்கவிடாமல் பிடிக்கிறது. கோழியும் கோம்பும் சேர்ந்த ஒரே கட்டியில் இரண்டும் தயாராக இருக்கின்றன.

அந்தப் பளபளப்பும் ஓவியரின் மிகை இல்லை. வெறும் பருக்கையின் மேடுபள்ளம் ஒளியை நாலா பக்கமும் சிதறடிக்கும். உருகிய ஜெலட்டின் அதன்மேல் வழவழப்பான படலமாகப் படிந்ததும் ஒளி ஒரே திசையில் திரும்பி, வெள்ளைப் புள்ளியாக மின்னும். அனிமேயில் அந்த வெள்ளைப் புள்ளியை மட்டும் சரியான இடத்தில் வரைந்தாலே போதும், நமக்கு வாயூறிவிடும்.

இந்தத் தொடரைப் பலர் ஒதுக்குவதற்குக் காரணம், உண்டவர்களின் ஆடை பறக்கும் காட்சிகள். எனக்கும் அவை பிடிக்காது, தள்ளிவிட்டுத்தான் பார்ப்பேன். ஆனால் சமையல் பொய்யில்லை. யூட்டோ ட்சுகுடா கதை எழுத, ஷுன் சாயேகி வரைந்து 2012 முதல் 2019 வரை வந்த மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை இது. 2015இல் அனிமே ஆனது. சமையல் குறிப்புகளுக்கென்றே யூகி மொரிசாகி உடனிருந்தார்.

இரண்டாம் முறை நான் இறக்கைகளைத் தோலோடு போட்டு, தளதளவெனக் கொதிக்கவிடாமல் இரண்டு மணிநேரம் வேகவிட்டேன். வேகமாகக் கொதித்தால் கொழுப்பு சாற்றோடு கலந்து கலங்கிவிடும். வடிகட்டி, சோயா சேர்த்து, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் நறுக்கிச் சோற்றில் போட்டதும் ஓரங்கள் முதலில் வளைந்தன, அப்புறம் சதுரமே இல்லை. மிச்சம் வைத்த சோறு ஃபிரிட்ஜில் மறுபடி ஒட்டி இறுகிப்போயிருந்தது. சாயங்காலம் சுடவைத்தேன், மறுபடி மின்னியது.