கொள்கலன்: துறைமுகத்திலிருந்து கணினிக்கு

பினாங்கின் ஜார்ஜ்டவுனிலிருந்து ஃபெரியில் பட்டர்வொர்த் போகிறவர்கள் பார்க்கும் அந்த அடுக்கடுக்கான இரும்புப் பெட்டிகளை நம் நாளிதழ்கள் கொள்கலன் என்று எழுதுகின்றன. பேச்சில் அது கன்டெய்னர். பாயான் லெப்பாஸில் மென்பொருள் எழுதும் தமிழ் இளைஞர்களும் நாள்தோறும் கன்டெய்னர் என்கிறார்கள். அவர்கள் சொல்வது இரும்புப் பெட்டியை அல்ல. ஆனாலும் கணினி உலகில் அந்தப் பெயரைப் பரப்பியவர்கள் துறைமுகத்துப் பெட்டியைத் தெரிந்தேதான் உவமையாக்கினார்கள்.

1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்கரின் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் 58 பெட்டிகளுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அதுவரை மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி என ஒவ்வொன்றையும் ஆள் தூக்கி ஏற்றி இறக்க வேண்டும். பினாங்குத் துறைமுகத்தில் அப்படித் தோள் கொடுத்தவர்களில் தமிழர் பலர். 1960களின் இறுதியில் பெட்டியின் அளவுகளுக்கு அனைத்துலகத் தரம் வந்தது. உள்ளே ரப்பர் இருந்தாலும் வானொலி இருந்தாலும் பாரந்தூக்கிக்குக் கவலையில்லை; வெளி அளவும் மூலைப் பிடிகளும் ஒன்றாக இருந்தால் போதும். அதே பெட்டி கப்பலிலும் ரயிலிலும் லோரியிலும் போகும்.

மென்பொருளில் கொள்கலன் என்பது, ஒரு நிரலையும் அது இயங்கத் தேவையான நூலகங்கள் (பிறர் எழுதிவைத்த துணை நிரல்கள்), அமைப்புக் கோப்புகள் அனைத்தையும் ஒரே கட்டாகக் கட்டி, மற்ற நிரல்களிலிருந்து பிரித்து இயக்கும் முறை. ஒரு கணினிக்குள் இன்னொரு முழுக் கணினியைப் போலவே இயங்கும் மெய்நிகர் கணினியைப் போல இது தனக்கென்று ஓர் இயங்குதளத்தைச் சுமப்பதில்லை. தாங்கும் கணினியின் இயங்குதள மையமான கருவையே (கெர்னல்) பகிர்ந்துகொள்வதால் எடை குறைவு, நொடியில் எழுந்து நிற்கும்.

ஒரு நிரலை அதன் சொந்தக் கோப்புறைக்குள் அடைத்து வைக்கும் வசதி 1979இலேயே யூனிக்ஸ் இயங்குதளத்தில் இருந்தது. 2006இல் கூகுள் பொறியாளர்கள் லினக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதிய ஒரு பகுதிக்கு முதலில் ‘செயல் கொள்கலன்கள்’ என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்கள். கன்டெய்னர் என்ற சொல் லினக்ஸில் பல பொருளில் புழங்கிக் குழப்பியதால் அடுத்த ஆண்டே பெயரை மாற்றினார்கள். சொல்லை உலகறியச் செய்தது 2013இல் வெளிவந்த டாக்கர் என்ற கொள்கலன் மென்பொருள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்குத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளி என்று பொருள். 2015இல் கட்டின் வடிவத்துக்கும் இயக்கும் முறைக்கும் பொதுத்தரம் வகுக்க ஓர் அமைப்பு உருவானது. என்னைக் கேட்டால் மென்பொருளின் உண்மையான திருப்பம் இதுதான். துறைமுகத்தில் நடந்ததைப் போலவே இங்கும் தரம் வந்த பிறகுதான் பெட்டி எங்கும் போக முடிந்தது.

எங்கும் என்பதில், வழங்கியை (சர்வர்) நாம் பேணாமல் நிரலை மட்டும் கொடுத்து ஓட்டும் ‘சர்வர்லெஸ்’ சேவைகளும் அடக்கம். 2014இல் அறிமுகமான அமேசானின் லேம்டா தொடக்கத்தில் ஜிப் கோப்புகளையே ஏற்றது. 2020 டிசம்பரில் 10 ஜிபி வரையிலான கொள்கலன் கட்டுகளுக்கும் கதவைத் திறந்தது. கூகுளின் கிளவுட் ரன் 2019இல் வரும்போதே கொள்கலனை ஏற்றுத்தான் வந்தது. ஆனால் கட்டு ஒன்றானாலும் உள்ளிருக்கும் நிரலிடம் ஒவ்வோர் இடமும் வேறுவேறு நடத்தையை எதிர்பார்க்கிறது. சொந்த வழங்கியில் நிரல், கோரிக்கைகள் வந்து சேரும் ஒரு வாயில் எண்ணில் (போர்ட்) காத்திருக்கும். கிளவுட் ரன் அந்த எண்ணைச் சூழல் மாறி, அதாவது நிரலுக்கு வெளியிலிருந்து தரும் ஓர் அமைப்பு மதிப்பு, வழியாகக் கொடுக்கும். லேம்டாவிலோ நிரலே போய் ‘அடுத்த வேலை என்ன’ என்று கேட்க வேண்டும். அதற்காக ஒரு சிறு இணைப்பியைக் கட்டுக்குள் வைத்துவிடுகிறார்கள். லேம்டாவில் அது மொழிபெயர்ப்பாளராக வேலை செய்யும், சாதாரண வழங்கியில் சும்மா கிடக்கும். நிரலைத் திருத்தாமலே ஒரே கட்டை இரண்டு இடத்திலும் ஓட்டிவிடலாம்.

கொள்கலன் எதைச் சுமப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். செயலியின் வகையை அது மறைப்பதில்லை. ஆர்ம் வகைச் செயலி கொண்ட மடிக்கணினியில் கட்டியதை இன்டெல் வகை வழங்கியில் ஏற்றினால் பொதுவாக ஓடாது. இரண்டு வகைக்கும் கட்டி ஒரே பெயரின்கீழ் வைக்க வேண்டும். நிலையாக இருக்க வேண்டிய தரவும் கட்டுக்குள் தங்காது. லேம்டாவில் ஒரு தற்காலிகக் கோப்புறையைத் தவிர வேறெங்கும் எழுத முடியாது.

இனித் தமிழ்ச்சொல். ‘கன்டெய்னர்’ என்பதன் வேர், ‘சேர்த்துப் பிடி’ என்னும் பொருள்தரும் லத்தீன் வினை. நம் கொள்கலன் வினைத்தொகை: கொண்ட, கொள்கின்ற, கொள்ளும் கலன். நிலம் நிலன் ஆவது போலக் கலம் கலன் ஆயிற்று. இது நேற்றுப் புனைந்த சொல்லும் அல்ல. ‘இடும்பைக்கே கொள்கலம் கொல்லோ’ என்று 1029ஆம் குறள் தொடங்குகிறது. குடும்பத்தைத் தாங்குகிறவனின் உடம்பு துன்பத்தை ஏற்கும் பாத்திரம் மட்டும்தானா என்று வள்ளுவர் கேட்கிறார். கலத்துக்குப் பாத்திரம் என்பதோடு மரக்கலம் என்ற பொருளும் உண்டு. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனரின் கப்பலை அகநானூற்றின் 149ஆம் பாடல் ‘நன்கலம்’ என்கிறது. சரக்கும் கப்பலும் ஒரே சொல்லுக்குள் இருக்க, இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்?

தமிழ்நாட்டில் சரக்குப் பெட்டகம் என்றும் எழுதுகிறார்கள். துறைமுகத்துக்கு அது சரி. மென்பொருளுக்கு ஒத்துவராது, பெட்டகம் என்றால் பூட்டிப் பாதுகாப்பது என்ற எண்ணமே முன்னால் நிற்கிறது, இங்கோ உள்ளிருப்பது ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்டி எளிய சொல்தான். மலாய்க்காரர்களும் நம்மிடமிருந்து பெற்றுப் ‘பெத்தி’ என்று வழங்குகிறார்கள். ஆனால் அது எல்லாப் பெட்டிக்கும் பொதுவாகிவிட்டது.

எழுதும்போது இரண்டைப் பிரித்துக் காட்டுங்கள். கட்டி வைத்த, இன்னும் ஓடாத கோப்பு (மேலே நான் கட்டு என்றது) படிமம். அதை இயக்கும்போது எழுவது கொள்கலன். ஒரு படிமத்திலிருந்து பல கொள்கலன்களை எழுப்பலாம். கட்டும் பணி கொள்கலனாக்கம். சர்வர்லெஸ்ஸை மட்டும் ‘வழங்கியற்ற’ என்று பெயர்க்க எனக்கு மனம் வருவதில்லை. வழங்கி இருக்கத்தான் செய்கிறது, அதைப் பேணுவது வேறொருவர். ஆகவே ‘வழங்கி பேணா’ இயக்கம் என்று எழுதுகிறேன்.