பீங்கானுக்குப் பெயிண்ட் அடிக்காதீங்க

பனி இறங்க ஆரம்பித்தால் போதும். விடியற்காலையில் ஆலையின் எச்.டி. (உயர் அழுத்த மின்சார) யார்டில் 'சிர்ர்' என்ற சத்தம், இருட்டில் கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டரைச் சுற்றி நீலப்பொறி, கொஞ்ச நேரத்தில் டிரிப். வெயில் ஏறினால் எல்லாம் சரியாகிவிடும். இதற்கு மருந்தென்று பீங்கான் மேல் எனாமல் பெயிண்ட், பேனலுக்கு வாங்கிய சிவப்பு வார்னிஷ், கையில் கிடைத்ததையெல்லாம் அடித்து வைக்கிறார்கள். அலுமினியப் பெயிண்ட் அடித்தவர்களும் உண்டு. அது உலோகப் பொடி என்பதையுமா சொல்லித்தர வேண்டும்?

"பெயிண்ட் கரண்டைக் கடத்தாதே, ஒரு கோட்டு கூடுதலா இருந்தா நல்லதுதானுங்களே?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டது. கரண்ட் பீங்கானைத் துளைத்துக்கொண்டு போகவில்லை. மேலே படிந்த அழுக்கு பனியில் நனைந்ததும் அந்த ஈரப் படலத்தில்தான் ஊர்ந்து போகிறது. நீங்கள் அடித்த பெயிண்ட் அழுக்குக்கு அடியில் கிடக்கிறது; மேலே நடப்பதை அது எப்படித் தடுக்கும்? போதாக்குறைக்கு, பீங்கானின் பளபளப்பான மேல்தோலான கிளேஸ் கண்ணாடி மாதிரி, பொறி பட்டாலும் கரியாகாது. பெயிண்ட் கருகும், கரி கடத்தும். மரவேர் போலப் பழுப்புக் கோடு ஓடியிருந்தால் அதுதான் டிராக்கிங். வெறும் பீங்கானே இதைவிடத் தேவலை.

நம் பக்கத்து அழுக்கும் லேசுப்பட்டதல்ல. பொள்ளாச்சி தென்னைநார்த் தூளில் இயல்பாகவே உப்பு உண்டு, தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். விறகு பாய்லர் சாம்பலில் பொட்டாசிய உப்பு. மதுக்கரைப் பக்க சிமெண்ட் தூசி நனைந்தால் கெட்டியாக ஒட்டிவிடும். பெருமழை கழுவிவிடும், பாலக்காட்டுக் கணவாய் வழி வரும் சாரலும் பனியும் நனைக்குமே தவிரக் கழுவாது.

இதற்கென்று இருப்பது ஆர்.டி.வி. (சாதாரண வெப்பத்திலேயே இறுகி ரப்பராகும்) சிலிக்கான் பூச்சு. அதன் மேல் தண்ணீர் படலமாகப் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். அதிலுள்ள சிறு சிலிக்கான் மூலக்கூறுகள் மேலே படிந்த தூசிக்குள்ளும் ஏறி, தூசியையும் நீர் ஒட்டாததாக மாற்றும். பெயிண்டுக்கு இந்த வித்தை தெரியாது. பாத்ரூம் இடுக்கில் பூசும், புளித்த வாடை வரும் சிலிக்கானுக்கும் தெரியாது. அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் உலோகத்தை அரிப்பதுதான் மிச்சம்.

பூசுமுன் நூல் எடுத்து, இன்சுலேட்டரின் மேடு பள்ளமெல்லாம் ஒட்டி உலோகத்திலிருந்து உலோகம் வரை அளந்து பாருங்க. 11 கே.வி. லைனுக்கு உச்ச வோல்டேஜ் 12 கே.வி. அதிக மாசுள்ள இடத்தில் கே.வி.க்கு 25 மி.மீ. வீதம் 300 மி.மீ., மிக மோசமான இடத்தில் 31 வீதம் 372 மி.மீ. வேண்டும். பூச்சு இந்த நீளத்தைக் கூட்டாது. குறைந்தால் பெரிய இன்சுலேட்டர் போடுங்க.

சப்ளையை நிறுத்தி, லைனைத் துண்டிக்கும் ஏ.பி. (ஏர் பிரேக்) சுவிட்சைத் திறந்து பூட்டி, கரண்ட் இல்லை என்று டெஸ்ட் செய்து, லைனை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டிய பிறகுதான் கை வைக்க வேண்டும். தயவுசெய்து கேளுங்க: சுவிட்ச் திறந்திருந்தாலும் லைன் வரும் பக்கம் கரண்டோடுதான் இருக்கும். அந்தப் பக்கத்துப் பீங்கானுக்கு இ.பி.யிடம் லைன் கிளியர் (லைனை நிறுத்தித் தரும் அனுமதி) வாங்காமல் ஏறாதீங்க.

அழுக்கைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடையுங்க. கம்பி பிரஷ் கூடாது, கிளேஸ் போய்விடும். தூசி மேல் பூசினால் தோலாக உரியும். ஸ்பிரேயில் இரண்டு மூன்று கோட்டாக, காய்ந்தபின் 0.3 முதல் 0.5 மி.மீ. கனம் வர வேண்டும். இன்சுலேட்டரின் குடை போன்ற விளிம்புக்கு அடியிலுள்ள வரிகளை விட்டுவிடுவதுதான் வழக்கமான சோம்பேறித்தனம்; கரண்டுக்கு அதுவும் பாதைதான். மழை வரும் நாளில் பூச வேண்டாம்.

பூசிவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்பதும் தப்பு. தூசி வேகமாகக் கனத்துப் படிந்தால் சிலிக்கான் அதற்குள் ஏறி முடிக்காது. நாள்கணக்கில் ஈரமும் பொறியும் தொடர்ந்தால் நீர் விலக்கும் தன்மை தற்காலிகமாகப் போகும். காய்ந்து ஓய்ந்தபின் திரும்பும். ஷட்டவுன் கிடைக்கும்போது சுமார் 25 செ.மீ. தள்ளி நின்று அரை நிமிடம் தண்ணீர் ஸ்பிரே செய்து பாருங்க. உருண்டைத் துளியாக நின்றால் நல்லது. காய்ந்த பருவத்திலும் படலமாக வழிந்தால் சுத்தம் செய்து, அதன்பிறகும் மாறாவிட்டால் மறுபூச்சு.

விரிசலோ உடைசலோ உள்ள பீங்கானைப் பூச்சு காப்பாற்றாது. ஏற்கெனவே பெயிண்ட் அடித்ததைச் சுரண்டி மீட்கவும் பார்க்காதீங்க. ஒரு ஷிப்ட் நின்று போகும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் புது இன்சுலேட்டர் மலிவு. மாற்றிவிடுங்க.